ஜெஸ்ஸிப் புதரும் மர்ரோமெயு வெளியும்: .375-ஆ, .458-ஆ?

ஒரே பருவத்தில், ஒரே விலங்குக்காக, ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு நிலங்களுக்குப் போக இருந்தார் இந்த வேட்டையர். முதலில் ஜிம்பாப்வேயில் சாம்பேசிப் பள்ளத்தாக்கின் டாண்டே பகுதி. அது முடிந்த கையோடு, அதே சாம்பேசி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் மொசாம்பிக்கின் மர்ரோமெயு வெள்ளச் சமவெளி. இரண்டு இடத்திலும் உரிமம் கேப் எருமைக் கடாவுக்கு. மான் வகைகளைப் பல ஆண்டுகளாக .30-06 கொண்டு வேட்டையாடியவர், குறி சுத்தம், அவசரப்படாத கை. ஆனால் பெருங்குழல் துப்பாக்கி எதையும் அதுவரை தோளில் வைத்ததில்லை.

இப்படிப் போகிறவர்களைத் தயார்ப்படுத்துவது என் வேலை. அவர் வந்தபோதே விடையைப் பாதி முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார். "அண்ணே, காட்டுக்குள்ள போறப்போ .458 தானே சரி? 500 கிரெயின் குண்டு, நடுவுல நாலு குச்சி இருந்தாலும் ஒடிச்சிட்டுப் போயிடுமே. வெட்டவெளிக்கு மட்டும் .375 போதும்னு நினைக்கிறேன்." .375, .458 என்பவை தோட்டா வகைகள்; எண் குண்டின் விட்டம், அங்குலத்தில். கிரெயின் குண்டின் எடை அளவு, 500 கிரெயின் ஏறக்குறைய 32 கிராம். அப்படியானால் இரண்டு துப்பாக்கி வாங்குவதா, ஒன்றை விட்டுக்கொடுப்பதா என்பதுதான் அவருடைய கேள்வி.

நிலத்தைப் பார்த்துத் தோட்டா எடு என்பது சரியான பேச்சுதான். ஆனால் நிலம் என்ன கேட்கிறது என்பதைப் பெரும்பாலோர் தப்பாகவே படிக்கிறார்கள். இந்த நிகழ்வை விரிவாக எழுதக் காரணம் அதுதான்.

இரண்டு நிலங்கள்

டாண்டேயின் சிக்கல் ஜெஸ்ஸிப் புதர். கொம்ப்ரீட்டம் வகைச் செடிகள் அடியிலிருந்தே பல கிளை விட்டு, ஒன்றோடொன்று பின்னி, தலைக்கு மேல் வரை வளர்ந்து நிற்கும். உள்ளே நுழைந்துவிட்டால் பத்து மீட்டர் தெரிவதும் உண்டு, நாற்பது மீட்டர் தெரிவதும் உண்டு, அதற்கு மேல் தெரிவது அபூர்வம். விடியலில் நீர்நிலையிலிருந்து தடம் எடுத்து, வயதான கடாக்கள் பகல் வெயிலுக்குப் படுத்திருக்கும் இடம் வரை அதைப் பிடித்துக்கொண்டே போவார்கள். உச்சிப்பொழுதில் காற்று ஒரு திசையில் நிற்காது, சுழலும். எருமை முதுகில் உண்ணி கொத்தும் பறவைகள் ஒரு சத்தம் போட்டால் போதும், மொத்த உழைப்பும் வீண். கடைசியில் எருமை தெரியும்போது முழுதாகத் தெரியாது. ஒரு காது, கொம்பின் ஒரு வளைவு, கிளைகளுக்கு நடுவே கருப்பாக ஒரு துண்டு. அந்தத் துண்டு தோளா, வயிறா என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

மர்ரோமெயு முற்றிலும் வேறு. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, நடுநடுவே நாணலும் பாப்பிரஸும் சேறும். 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் பெருமளவு அழிந்து, பிறகு மீண்டு வந்த எருமைகள் அவை. பெரிய பெரிய மந்தைகளாக நிற்கும். நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டிகளில் அருகே போய், பிறகு முழங்கால் சேற்றில் நடக்க வேண்டும். ஒளிந்து அணுக மரம் கிடையாது. நூறு மீட்டருக்குள் போக வழிகாட்டி முயல்வார், ஆனால் 120, 150 மீட்டரிலேயே மந்தை தலையைத் தூக்கிவிடுவதும் நடக்கும். இங்கே கடா முழுசாகத் தெரியும். சிக்கல் அதன் பின்னால் நிற்கும் இன்னொரு எருமை.

இரண்டு தோட்டாக்கள்

.375 ஹாலண்ட் மேக்னம் 1912-இல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்தது. நூறாண்டு தாண்டியும் கேப் எருமைக்கு இது போதுமா என்ற பேச்சு ஓயவில்லை. போதும் என்று சட்டங்களே சொல்லிவிட்டன. ஆபத்தான விலங்குகளுக்கு .375-ஐயே கீழ்வரம்பாக வைத்திருக்கும் ஆப்பிரிக்க நாடுகள் பல. ஜிம்பாப்வேயில் எருமைக்குக் குறைந்தது 9.2 மில்லிமீட்டர் விட்டமும் 5,300 ஜூல் ஆற்றலும் வேண்டும். .375-இன் குண்டு 9.5 மில்லிமீட்டர். 300 கிரெயின் குண்டு, அதாவது 19.4 கிராம், வினாடிக்குச் சுமார் 2,530 அடி வேகத்தில் கிளம்பும்போது ஆற்றல் 5,780 ஜூலை ஒட்டி வருகிறது.

.458 வின்செஸ்டர் மேக்னம் 1956-இல் வந்தது, மாடல் 70 துப்பாக்கியோடு. அன்று பெரிய விலங்குக்குப் போனவர்கள் கையில் இருந்தவை .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் போன்ற இரட்டைக்குழல்கள். விலை எட்டாத உயரம், தோட்டா கிடைப்பதும் குறைந்துகொண்டே போன காலம். அதே வேலையை, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் ஒரு சாதாரண போல்ட் துப்பாக்கியில், சாதாரண நீளச் செயற்பாட்டுக்குள் (தோட்டாவை ஏற்றி இறக்கும் பொறியமைப்புக்குள்) அடக்கிக் கொடுப்பதுதான் வின்செஸ்டரின் திட்டம். அதற்காகக் கேஸை, அதாவது மருந்தைத் தாங்கும் உலோகக் கூட்டை, சுருக்கி 63.5 மில்லிமீட்டரில் நிறுத்தினார்கள். அந்தச் சுருக்கத்துக்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. 500 கிரெயின் குண்டை 2,100 அடிக்கு மேல் தள்ள வேண்டிய வெடிமருந்தை அந்தக் கூட்டுக்குள் அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தது. நாள்பட்ட தோட்டாக்களில் மருந்து கட்டி தட்டி, சரியாக எரியாமல், வேகம் விளம்பரப்படுத்தியதைவிட மிகவும் தாழ்ந்துபோனது. ஜாக் லாட் என்ற அமெரிக்க வேட்டையர் 1959-இல் மொசாம்பிக்கில் எருமையிடம் அடிபட்ட பிறகு, இந்தக் குறையைத் தீர்க்கவே 71 மில்லிமீட்டர் கேஸில் .458 லாட் என்ற தோட்டாவை 1971-இல் உருவாக்கினார்.

இன்றைய மருந்துகளில் .458 வின்செஸ்டர் நம்பத்தக்க தோட்டா. பழைய கெட்ட பெயரை இன்னும் சுமத்துவது நியாயமில்லை. ஆனால் கையில் இருக்கும் துப்பாக்கியின் குழல் நீளத்தில் அது தரும் வேகத்தை அளந்து பார்க்காமல் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பக் கூடாது. நடைமுறையில் 500 கிரெயினுக்கு 2,040 அடி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. அப்போது ஆற்றல் ஏறக்குறைய 6,270 ஜூல்.

ஆக ஆற்றலில் வித்தியாசம் ஒரு பத்து விழுக்காடுக்குக் கொஞ்சம் கீழே. இதை மட்டும் பார்த்துவிட்டு "இரண்டும் ஒன்றுதான்" என்பவர்களும் உண்டு. அதுவும் தப்பு. எடையையும் வேகத்தையும் பெருக்கினால் .458 மூன்றில் ஒரு பங்கு கூடுதல். குண்டின் முகப்புப் பரப்பு ஒன்றரை மடங்கு. எதிரே பாய்ந்து வரும் எருமை மேல் பட்டால் இந்த வித்தியாசம் தெரியும் என்று, வாழ்நாள் முழுவதும் இந்த வேலையைச் செய்யும் வழிகாட்டிகள் சொல்கிறார்கள். அவர்களில் பலர் .416, .458, .470 என்று சுமப்பதற்குக் காரணம் இருக்கிறது.

குச்சியை ஒடித்துக்கொண்டு போகுமா?

வேட்டையரின் முடிவு முழுக்க இந்த ஒரு நம்பிக்கையின் மேல் நின்றது. எனவே வாதாடுவதைவிடச் சுட்டுக் காட்டுவது நல்லது என்று பட்டது.

களத்தில் ஐம்பது மீட்டரில் இலக்குத் தாள். அதற்கு முன்னால் மரச்சட்டத்தில் விரல் தடிமன் முதல் பெருவிரல் தடிமன் வரை பச்சைக் கிளைகளை நெருக்கமாகக் கட்டினோம், எங்கே சுட்டாலும் ஏதோ ஒன்று அடிபடும்படி. முதலில் சட்டம் இலக்குக்கு ஒரு கையெட்டு தூரத்தில். .375-உம் .458-உம் தாளில் கிட்டத்தட்ட குறித்த இடத்திலேயே துளை போட்டன. வேட்டையர் முகத்தில் "நான்தான் சொன்னேனே" என்ற நிறைவு.

பிறகு சட்டத்தை எடுத்து இலக்குக்கும் துப்பாக்கிக்கும் பாதித் தூரத்தில் வைத்தோம். .458-இன் முதல் குண்டே தாளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அடுத்ததில் தாளில் விழுந்தது வட்டத் துளை அல்ல, குண்டு படுக்கைவாட்டில் பட்ட நீள்துளை. விரலை வைத்துப் பார்த்தால் ஒரு மூட்டு நீளம், மேல் விளிம்பில் கிளைப்பட்டையின் பச்சைக் கறை. .375-உம் அதையேதான் செய்தது. இரண்டில் எது குறைவாக விலகியது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு சுடுதலும் வேறு கிளை, வேறு கோணம். ஆனால் நாங்கள் தேடி வந்த விடை தாளில் இருந்தது. கனமான குண்டு கிளையை ஒடிக்கிறது, ஒடித்த பிறகு எங்கே போகிறது என்பது அதன் கையில் இல்லை.

காரணம் எளிது. குண்டு நிலைத்துப் பறப்பது சுழற்சியால். முனையின் ஒரு பக்கத்தில் கிளை இடித்தால் அந்தச் சுழலும் அச்சு சாய்கிறது, குண்டு தள்ளாடத் தொடங்குகிறது. பாதை ஒரு பாகை திரும்பினாலும் ஒரு மீட்டரில் அது இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. இருபத்தைந்து மீட்டரில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல். அதனால் கிளை விலங்கை ஒட்டி இருந்தால் எந்தத் தோட்டாவும் பிழைத்துக்கொள்ளும், கிளை உங்களை ஒட்டி இருந்தால் எந்தத் தோட்டாவும் பிழைக்காது. தள்ளாடும் குண்டுக்கு இன்னொரு கேடும் உண்டு. நுனி முன்னே இல்லாமல் பக்கவாட்டில் நுழைந்தால் ஆழம் போகாது. எருமையின் தோலையும் விலா எலும்பையும் தாண்டி இதயம் வரை போக வேண்டிய குண்டுக்கு அதைவிடக் கெட்டது வேறில்லை.

ஜெஸ்ஸிப் புதர் கேட்பது கிளைகளுக்கு நடுவே ஒரு வழியைப் பார்க்கும் கண்ணை. அந்த வழி திறந்திருக்கும் இரண்டொரு நொடியில் துப்பாக்கி தோளுக்கு வந்து, குறி நின்று, விசை விழ வேண்டும். வழி இல்லையென்றால் சுடாமல் இருக்க வேண்டும். இதில் குண்டின் எடைக்கு வேலையே இல்லை.

தோள் என்ன சொன்னது

இரண்டு துப்பாக்கியும் நான்கு கிலோவுக்குச் சற்று மேல். சுடும்போது துப்பாக்கி தோளில் பின்னோக்கி இடிப்பதுதான் உதை. அந்த எடையில் .375-இன் உதை 50 ஜூலுக்குக் கொஞ்சம் மேலே, .458-இன் உதை 80 ஜூலை ஒட்டி. அவர் பழகிய .30-06-இல் அது 30 சொச்சம்தான். காகிதத்தில் இவை எண்கள். தோளில் வேறு கதை.

நிற்கும் நிலையில், மூன்று கால் தாங்கியின் மேல் வைத்துச் சுடச் சொன்னேன், ஏனென்றால் ஆப்பிரிக்காவில் எருமையை மேசை மேல் சாய்ந்து யாரும் சுடுவதில்லை. .458-ஐயும் அவர் நன்றாகவே சுட்டார், முதல் சில தோட்டாக்களுக்கு. பிறகு தாளில் துளைகளின் கூட்டம் விரியத் தொடங்கியது, கீழேயும் வலப்பக்கமும். இடக்கைக்காரர் என்பதால் அந்தத் திசை பலதைச் சொல்லியது. அவரோ ஸ்கோப் தளர்ந்துவிட்டதா என்று திருகாணியைத் தடவிப் பார்த்தார்.

மேகசினை நான் நிரப்பத் தொடங்கினேன், அவர் பார்க்காதபடி. நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத வெற்றுத் தோட்டா ஒன்று. எது எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. வெற்றுத் தோட்டா வந்தபோது "டிக்" என்ற சத்தம் மட்டும். குழல் நுனியோ ஒரு கையகலம் கீழே குத்தி நின்றது. கண்கள் இறுக மூடியிருந்தன, தோள் முன்னால் பாய்ந்திருந்தது. வெடிக்காத ஒரு துப்பாக்கியை அவர் உடல் எதிர்த்துத் தள்ளியிருந்தது. யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அவரே துப்பாக்கியை இறக்கிவிட்டு, "இன்னொருவாட்டி போடுங்கண்ணே" என்றார்.

.375-இலும் முதல் நாள் இது கொஞ்சம் இருந்தது. வாரங்கள் போகப் போக, ஒரு அமர்வில் சில தோட்டா மட்டும், மீதிக்குச் சின்ன .22 ரைஃபிள் என்று பழகியபோது அது மறைந்தது. .458-இல் குறைந்தது, மறையவில்லை. இன்னும் ஓராண்டு இருந்திருந்தால் அதையும் வென்றிருப்பார் என்றே நினைக்கிறேன். உதையைத் தாங்குவது ஆண்மைச் சோதனை என்று பேசும் பழக்கம் இந்தத் துறையில் நிறைய இருக்கிறது. அதை நான் மனதார வெறுக்கிறேன், ஏனென்றால் அதற்கு விலை கொடுப்பது வயிற்றில் அடிபட்டு ஓடும் எருமையும் அதன் தடத்தில் முதல் ஆளாக நடக்கும் தடம் பார்ப்பவரும்.

இரண்டாவது தோட்டாவைப் பற்றி .458-க்குச் சாதகமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதன் தோட்டா குட்டை, போல்ட்டை இழுக்க வேண்டிய நீளமும் குறைவு. .375 முழுத் தோட்டாவாக 91 மில்லிமீட்டர் நீளம், மேக்னம் நீளச் செயற்பாடு வேண்டும். பதற்றத்தில் போல்ட்டைக் கடைசி வரை இழுக்காமல் திருப்பித் தள்ளிவிட்டால் புதுத் தோட்டா ஏறாது. காலி சேம்பரோடு (குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறை) எருமை முன்னால் நிற்பீர்கள். வேட்டையருக்கு .30-06-இன் குட்டை இழுப்பு கையில் ஊறியிருந்ததால் .375-இல் இது பல முறை நடந்தது. தோளிலிருந்து இறக்காமல், பின்னே முட்டும் சத்தம் கேட்கும் வரை போல்ட்டை இழு என்பதை மட்டும் வீட்டில் வெற்றுத் தோட்டா வைத்துத் தினமும் செய்யச் சொன்னேன். புதரில் உயிர் காப்பது முதல் குண்டைவிட இந்த அசைவுதான்.

வெட்டவெளியின் கணக்கு

"வெளிக்கு .375" என்ற பாதியாவது சரிதானா? சரிதான், ஆனால் அவர் நினைத்த அளவுக்கு இல்லை.

.458-ஐ 90 மீட்டரில் குறி சேர்த்தால், அதாவது அந்தத் தூரத்தில் குண்டு குறித்த இடத்திலேயே விழும்படி அமைத்தால், 150 மீட்டரில் குண்டு 12 சென்டிமீட்டர் அளவு தாழும். 200 மீட்டரில் 30 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஒரு சாணைத் தாண்டிவிடும். .375-ஐ 150 மீட்டரில் குறி சேர்த்தால், 50 மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர் மேலே, 90-இல் நான்கு மேலே, 200-இல் பத்துக்கு உள்ளாகவே கீழே. எருமையின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஒரு அடிக்குக் குறையாத அகலம். ஆக .375-இல் புதரின் இருபது மீட்டரிலிருந்து வெளியின் இருநூறு மீட்டர் வரை ஒரே இடத்தில் குறி வைத்துச் சுடலாம், எதையும் மனக்கணக்குப் போட வேண்டாம். .458-இல் 120 மீட்டர் வரை அதே வசதி, அதற்கு அப்பால் யோசிக்க வேண்டும்.

பொறுப்புள்ள வழிகாட்டி யாரும் எருமையை 200 மீட்டரில் சுட விட மாட்டார். எனவே மர்ரோமெயுவிலும் .458 கையாலாகாதது அல்ல. வெளியில் .375-க்கு என்னை இழுத்த காரணம் பாதையின் தட்டைத்தன்மையைவிட, நூறு மீட்டருக்கு மேல் மிரளாமல் விசையை அழுத்த அந்தத் துப்பாக்கியில் அவரால் முடிந்தது என்பதே. இருபது மீட்டரில் மிரட்சி ஒரு கையகலத் தவறு என்றால், நூற்றிருபது மீட்டரில் அதே மிரட்சி மொத்த எருமையையே தவறவிடும்.

.416 ரிக்பி, .416 ரெமிங்டன் என்று நடுவழி ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். அருமையான தோட்டாக்கள். 400 கிரெயின் குண்டை 2,400 அடியில் அனுப்பும், .375-இன் பாதை, .458-ஐ நெருங்கும் அடி. ஆனால் உதையும் .458-ஐ நெருங்கும். இவருடைய சிக்கல் உதை என்பதால் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

இரண்டு துப்பாக்கியும் கொண்டுபோவது என்ற யோசனையையும் கைவிடச் சொன்னேன். விமானத்தில் ஆளுக்குத் தோட்டா பொதுவாக ஐந்து கிலோ வரைதான். இரண்டு நாட்டு எல்லையில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி அனுமதிச் சீட்டு. அதெல்லாம் சமாளிக்கக்கூடியது. சமாளிக்க முடியாதது, இரண்டு வெவ்வேறு போல்ட் நீளமும் இரண்டு வெவ்வேறு உதையும் ஒரே உடம்பில் பழகுவது.

முடிவும் ஏற்பாடும்

.375, ஒன்றே ஒன்று, இரண்டு நிலத்துக்கும். நிலத்துக்கு ஏற்ப மாற்றியது குண்டின் வகையையும் கண்ணாடியையும்.

ஸ்கோப் ஒன்று முதல் நான்கு மடங்கு வரை பெரிதாக்கும் சிறிய வகை. புதரில் ஒன்றிலேயே வைத்து இரண்டு கண்ணும் திறந்து பார்க்க வேண்டும், வெளியில் நான்கு. கழற்றி மாட்டும் பிடிப்பு, அடியில் இரும்புக் குறி தனியாகச் சரிபார்த்தது.

குண்டு இரண்டு வகை. விரிந்து திறந்தாலும் எடையை இழக்காத, ஈயமும் உறையும் பிணைந்த சாஃப்ட் ஒன்று, நுனி தட்டையாக வெட்டிய, விரியவே விரியாத சாலிட் ஒன்று. இரண்டும் 300 கிரெயின். பழைய .375 துப்பாக்கிகள் வெவ்வேறு எடைக் குண்டுகளையும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் போடும் என்ற பெயர் உண்டு. பெயரை நம்பாமல் இவர் துப்பாக்கியிலேயே சுட்டுப் பார்த்தோம், சாலிட் சற்றே உயரமாக, விரல் அகலத்துக்குள் விழுந்தது. போதும்.

டாண்டேயில் சேம்பரில் சாஃப்ட், மேகசினில் எல்லாம் சாலிட். முதல் குண்டு நிதானமாக, பக்கவாட்டில் நிற்கும் கடா மேல் விழும். அதற்குப் பிறகு எல்லாமே ஓடும் எருமையின் பின்பக்கத்திலிருந்து நெஞ்சு வரை ஊடுருவ வேண்டிய குண்டுகள். மர்ரோமெயுவில் முதல் இரண்டும் சாஃப்ட். மந்தைக்கு நடுவே சாலிட் சுட்டால் கடாவைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்கும் இன்னொன்றையும் காயப்படுத்தும். காயப்பட்டதற்கும் கட்டணம் உண்டு என்பது ஒருபுறம், சேற்றுக்குள் ஓடி மறைந்த காயப்பட்ட பெண் எருமையை யார் தேடுவது என்பது மறுபுறம்.

களத்தில் நடந்தது

நான் உடன் போகவில்லை. திரும்பி வந்த பின் வேட்டையர் விரிவாகச் சொன்னார், டாண்டேயின் வழிகாட்டியிடமும் பேசினேன்.

டாண்டேயில் முதல் வாய்ப்பு சுடாமலே போனது. முப்பது மீட்டரில் ஒரு கிழக் கடா நின்றது, தோள் தெரிந்தது, ஆனால் பாதி வழியில் குறுக்கே ஒரு கிளை. தாங்கியில் துப்பாக்கி, குறி தோளில், விரல் விசையில். அவர் எடுத்துவிட்டார். நீள்துளை விழுந்த அந்தத் தாள் அப்போது கண்முன் வந்தது என்று சொன்னார். காற்று திரும்பியது, கடா போய்விட்டது. வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் தோளைத் தட்டினாராம். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த நொடி அதுதான்.

பிறகு கிடைத்த கடா நாற்பது மீட்டருக்குள், சற்றே சாய்வாக நின்றது. தோளுக்குப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில், எருமைக்கு இதயம் இருக்கும் தாழ்வான இடத்தில் சாஃப்ட் இறங்கியது. கடா குதித்துத் திரும்பி ஓடியது. போல்ட் முழுதாகப் பின்னே போனது, சாலிட் ஏறியது, ஓடும் கடாவின் பின்பக்கத்தில் இரண்டாவது குண்டு விழுந்தது. அதே நேரம் வழிகாட்டியின் .458-உம் வெடித்தது. புதரின் விளிம்பில் கடா மடிந்தது.

அறுத்துப் பார்த்தபோது முதல் குண்டே போதுமானதாக இருந்திருக்கிறது, இதயத்தின் மேற்பகுதியைக் கிழித்திருந்தது. ஆனால் கடா விழுந்த இடத்தில் அதை விழ வைத்தது வழிகாட்டியின் குண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது இடுப்பெலும்பை நொறுக்கியிருந்தது, அதே கோணத்தில் நுழைந்த .375 சாலிட் ஆழமாகப் போயிருந்தாலும் எலும்பைத் தொடவில்லை. .458 இல்லாமல் இருந்திருந்தால் கடா ஜெஸ்ஸிக்குள் இன்னும் எண்பது, நூறு மீட்டர் ஓடி உள்ளே விழுந்திருக்கும். செத்துத்தான் விழுந்திருக்கும். ஆனால் அது செத்ததா இல்லையா என்று தெரியாமல் யாரோ உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

மர்ரோமெயுவில் நடந்தது பெரும்பாலும் காத்திருப்பு. மந்தை நகர நகர, கடாவின் பின்னால் ஏதாவது ஒன்று நின்றுகொண்டே இருந்தது. துப்பாக்கி தாங்கியில், கால் சேற்றில், நெடுநேரம். கடைசியில் ஓரத்தில் தனியாக வந்தபோது தூரம் 110 மீட்டரை ஒட்டி. குறியை ஏற்றவோ இறக்கவோ வேண்டாத தூரம். சாஃப்ட் இரண்டு நுரையீரலையும் கடந்து மறுபக்கத் தோலுக்கு அடியில் நின்றது. கடா மந்தையோடு கொஞ்ச தூரம் ஓடி, பின்தங்கி, விழுந்தது. இதை .458-உம் செய்திருக்கும், சுடுகிறவர் .458-ஐ அதே அமைதியோடு சுட்டிருந்தால்.

யாருக்கு இந்த விடை பொருந்தாது

வழிகாட்டியாகப் போகிறவருக்குப் பொருந்தாது. அவர் சுடுவது நிற்கும் எருமையை அல்ல, வந்துகொண்டிருக்கும் எருமையை, அல்லது புதருக்குள் காயத்தோடு காத்திருப்பதை. அவருக்கு முதல் குண்டின் நேர்த்தியைவிட எங்கே பட்டாலும் எலும்பை உடைக்கும் எடை முக்கியம், உதைக்குப் பழகுவது அவருடைய தொழிலின் ஒரு பகுதி. டாண்டேயில் அவருக்கு .458-ஐத்தான் சொல்வேன், லாட் என்றால் இன்னும் மகிழ்ச்சி. ஜெஸ்ஸியில் யானைக்குப் போகிறவருக்கும் அப்படியே.

பெருங்குழலை ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் சுட்டுப் பழகி, வெற்றுத் தோட்டாவில் குழல் அசையாத ஒருவர் வந்தால் அவரிடம் .375-ஐத் திணிக்க மாட்டேன். 120 மீட்டர் வரை மட்டும் சுடுவேன் என்று அவர் தனக்குத்தானே எல்லை போட்டுக்கொண்டால், இரண்டு நிலத்துக்கும் .458 ஒன்றே போதும்.

இந்த வேட்டையர் அடுத்து .458 ஒன்று வாங்கலாமா என்று மீண்டும் கேட்டிருக்கிறார், இந்த முறை எருமைக்காக அல்ல, பழகுவதற்காகவே. வாங்கச் சொல்லியிருக்கிறேன். நான்கரை கிலோவுக்குக் குறையாமல், அடிக்கட்டை அவர் இடத்தோளுக்கு அளந்து வெட்டியதாக. தொடக்கத்தில் 1,500 அடி வேகத்துக்கு இறக்கி நிரப்பிய மெல்லிய தோட்டாக்கள், மேகசினை நிரப்புவது வேறு ஒருவர், எப்போதும் நடுவே ஒரு வெற்றுத் தோட்டா.